விலை கூடிய கிளென்சர், மலிவான கிளென்சர்: காசு எதற்குப் போகிறது?

"பெரிய பிராண்டின் கிளென்சரைத்தான் ரொம்ப நாளாக வாங்குகிறேன். அந்த விலைக்கு மருந்துக்கடைக் கிளென்சர் நாலு பாட்டில் வாங்கலாம் என்று தோழி கிண்டல் செய்கிறாள். தரத்தில் உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறதா, இல்லை பெயருக்குக் காசு கொடுக்கிறேனா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் தோழி முக்கால்வாசி சரி. கழுவி ஊற்றப் போகிற ஒரு பொருளில் விலை ஏற ஏறத் தரமும் ஏறிக்கொண்டே போவதில்லை. ஒரு கட்டம் வரை ஏறும், அதன் பிறகு பாட்டிலும் வாசனையும்தான் மாறும். ஆனால் "எல்லாம் ஒன்றுதான், எது கிடைக்கிறதோ அதைப் போடு" என்று சொல்லிவிடவும் முடியாது. மலிவானவற்றிலேயே தோலைக் காயவைப்பவையும் உண்டு, பல மடங்கு விலையுள்ளதற்குச் சமமாக நிற்பவையும் உண்டு. விலைச்சீட்டைப் பார்த்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் பார்த்தால் ஓரளவு முடியும்.

முதலில், முகத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். கிளென்சரின் வேலையைச் செய்வது அதிலுள்ள சர்ஃபாக்டன்ட், அதாவது அழுக்கையும் எண்ணெயையும் தண்ணீரோடு கலக்கவைத்து இழுத்துப்போகும் பொருள். ஜெல் வகைக் கிளென்சர்களில் பெரும்பகுதி தண்ணீர்தான், அடுத்த பெரிய பங்கு இந்தச் சர்ஃபாக்டன்ட்டுக்கு. சிக்கல் என்னவென்றால், அதற்கு அழுக்கு எண்ணெய் எது, தோலுக்குச் சொந்தமான கொழுப்பு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. தோலின் மேலடுக்கில் செல்களுக்கு இடையே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு தடுப்பாக இருக்கின்றன. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது அதுதான். கடுமையான சர்ஃபாக்டன்ட் அழுக்கோடு சேர்த்து இதிலும் கொஞ்சத்தைச் சுரண்டிக்கொண்டு போகிறது, கூடவே தோலின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றை வீங்கவும் வைக்கிறது. கழுவி முடித்ததும் கன்னம் இழுப்பதும், வாய் ஓரத்தில் வெள்ளையாகத் தோல் உரிவதும் இதனால்தான்.

ஆகவே நல்ல கிளென்சர் என்றால் அழுக்கை எடுக்க வேண்டும், தடுப்பைத் தொந்தரவு செய்யக் கூடாது. இதைத் தீர்மானிப்பது எந்தச் சர்ஃபாக்டன்ட், எவ்வளவு, எதோடு கலந்து, எந்த பிஎச்சில் (அமில-காரத் தன்மையின் அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) என்ற நாலு விஷயங்கள். இந்த நாலிலும் பெரிய செலவு பிடிக்கிற சமாசாரம் கிடையாது.

பிஎச்சை எடுத்துக்கொள்வோம். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உள்ளது, சுமார் 5-ஐ ஒட்டி இருக்கும். மரபான சோப்பு 9 முதல் 10 வரை போகும். சோப்பால் கழுவியபின் தோலின் பிஎச் ஏறி, பழைய நிலைக்கு இறங்க மணிக்கணக்கில் ஆகலாம். செராமைடுகளை உருவாக்கும் நொதிகளுக்கு அமிலச் சூழல்தான் தோது. அதனால் தினமும் இரண்டு வேளை சோப்புப் போட்டால் தடுப்பைப் பழுது பார்க்கும் வேலையும் தடைப்படுகிறது. சோப்பு இல்லாத சர்ஃபாக்டன்ட்டுகளைக் கொண்டு 5.5-ஐ ஒட்டிய கிளென்சர் செய்வது இன்று சாதாரண வேலை. கொஞ்சம் சிட்ரிக் அமிலம் சேர்த்தால் பிஎச் இறங்கிவிடும், அதன் செலவு கணக்கிலேயே வராது. சோப்பை அடிப்படையாகக் கொள்ளாத கட்டியாக டவ் அமெரிக்காவில் அறிமுகமானது 1957-ல். சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் என்ற மென்மையான சர்ஃபாக்டன்ட் அதன் அடிப்படை. அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சந்தையில் இருக்கும் அதே பொருளைத்தான் இன்று பல விலையுயர்ந்த கிளென்சர்களின் லேபிளிலும் பார்க்கிறோம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் ஏமாறுவது இதில்தான். ட்யூபில் வரும், கெட்டியான க்ரீம் போல இருந்து அடர்த்தியாக நுரைக்கும் ஃபேஸ்வாஷ்களைப் பார்த்திருப்பீர்கள். பொருள் பட்டியலில் மிரிஸ்டிக் அமிலம், ஸ்டியரிக் அமிலம், லாரிக் அமிலம், கூடவே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்று முதல் சில இடங்களில் இருந்தால், அது சோப்புதான். கொழுப்பு அமிலமும் காரமும் சேர்ந்தால் வேறென்ன வரும்? லேபிளில் சோப்பு என்ற சொல் எங்கும் இருக்காது. மலிவான ட்யூபிலும் இது உண்டு, நகைப்பெட்டி மாதிரி அட்டைக்குள் வைத்து விற்கும் ட்யூபிலும் உண்டு. எண்ணெய் வழியும் தோலுக்கு ஒத்துக்கொள்ளலாம். வறண்ட தோல்காரர் இதற்குப் பெரிய விலை கொடுத்துவிட்டு, அப்புறம் அது உண்டாக்கிய வறட்சிக்கு இன்னொரு க்ரீம் வாங்குவது எனக்குப் பார்க்கவே வருத்தமாக இருக்கும்.

சரி, பட்டியலில் ஒரு பெயரைப் பார்த்து உடனே பயந்துவிடவும் வேண்டாம். சோடியம் லாரில் சல்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தோல் ஆய்வுகளில், வேண்டுமென்றே எரிச்சலை உண்டாக்கிப் பார்ப்பதற்கு இதைத்தான் வழக்கமாகப் பயன்படுத்துகிறார்கள், அவ்வளவு பெயர்போன எரிச்சல்காரன். ஆனால் 1947-ல் டெக்சாஸில் தொடங்கிய செட்டாஃபில், மென்மையான கிளென்சர் என்று தலைமுறை தலைமுறையாகத் தோல் மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தது, அதன் பழைய சூத்திரத்தில் இருந்த ஒரே சர்ஃபாக்டன்ட் இதேதான். மொத்தம் எட்டே பொருட்கள். தண்ணீர், சீட்டைல் ஆல்கஹால், புரோப்பிலீன் கிளைகால், சோடியம் லாரில் சல்பேட், ஸ்டியரில் ஆல்கஹால், பாரபென் என்ற பாதுகாப்புப்பொருளில் மூன்று வகைகள். சல்பேட்டின் அளவு குறைவு, கூடவே சீட்டைல், ஸ்டியரில் என்ற கொழுப்பு ஆல்கஹால்கள் இருந்ததால் அது அடங்கி வேலை செய்தது. பின்னாளில் அந்தச் சூத்திரத்தை மாற்றி நியாசினமைடு, பாந்தெனால் எல்லாம் சேர்த்துவிட்டார்கள். "சல்பேட் ஃப்ரீ" என்று முன்பக்கம் எழுதியிருப்பது மட்டுமே ஒரு கிளென்சர் மென்மையானது என்பதற்குச் சான்றாகாது. சல்பேட் இல்லாமலே தோலை உலர்த்துகிற கலவைகள் இருக்கின்றன, நான் மேலே சொன்ன ட்யூப் சோப்பு உட்பட.

கலவையின் சூட்சுமம் இன்னொன்று. சோடியம் லாரெத் சல்பேட் என்ற சர்ஃபாக்டன்ட்டைத் தனியாகப் போட்டால் கொஞ்சம் முரட்டுத்தனம் தெரியும். அதோடு கோகாமிடோபுரோப்பைல் பீட்டெய்ன் என்ற இன்னொரு சர்ஃபாக்டன்ட்டைச் சேர்த்தால் இரண்டும் சேர்ந்து உருவாக்கும் மிசெல்கள் (சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுகளின் நுண்ணிய திரள்கள்) பெரிதாகி, தோலுக்குள் புகும் சர்ஃபாக்டன்ட் குறைகிறது, எரிச்சலும் குறைகிறது. கிளிசரின் நல்ல அளவில் இருந்தால் இன்னும் நல்லது. இதையெல்லாம் கண்டுபிடித்துப் பல காலம் ஆயிற்று. பெரிய பிராண்டின் ஆய்வகத்துக்குத் தெரிந்தது சின்ன பிராண்டுக்கும் தெரியும். இரண்டு பேருக்கும் மூலப்பொருள் விற்பது பிஏஎஸ்எஃப், குரோடா, கிளேரியன்ட் மாதிரியான நிறுவனங்கள்தான்.

போகப் போக, இரண்டு பேரும் ஒரே வீட்டுக்காரர்கள் என்றும் தெரியவரும். விலைகூடிய லான்கோம், மலிவான கார்னியர், மருந்துக்கடை பிராண்டான லா ரோஷ் போசே எல்லாம் லோரியாலுடையவை. 2017-ல் செராவீ என்ற மருந்துக்கடை பிராண்டையும் அவர்களே வாங்கினார்கள். எஸ்டே லாடர் குழுமத்தில் ஆடம்பர பிராண்டான லா மேரும் உண்டு, சிக்கனத்துக்குப் பெயர்போன தி ஆர்டினரியும் உண்டு. இதனால் எல்லாப் பாட்டிலிலும் ஒரே திரவம் என்று நான் சொல்லவில்லை, சூத்திரங்கள் வேறுவேறுதான். ஆனால் மலிவான பக்கம் இருப்பவர்களுக்கு அறிவியல் தெரியாது என்ற எண்ணத்தைக் கைவிடலாம்.

அப்படியானால் கூடுதல் பணம் எங்கே போகிறது? கனமான பாட்டில், நுட்பமான வாசனை, விளம்பர முகம், கடையில் பளபளக்கும் கவுன்டர். அப்புறம், முன்பக்கத்தில் பெரிதாக எழுதியிருக்கும் அந்த அபூர்வப் பொருட்கள். பெப்டைடு, வைட்டமின் சி, ரெட்டினால், ஆல்பைன் மலர்ச் சாறு. க்ரீமிலோ சீரத்திலோ இவற்றில் சிலவற்றுக்கு நல்ல வேலை உண்டு, ஏனென்றால் மணிக்கணக்கில் தோலில் இருக்கும். கிளென்சர் முகத்தில் இருப்பது அரை நிமிடம், மிஞ்சிப்போனால் ஒரு நிமிடம். அதற்குள் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். ரெட்டினால் கலந்த கிளென்சர் வாங்குவதைவிட, சாதாரணக் கிளென்சர் வாங்கி மிச்சக் காசில் ரெட்டினால் க்ரீம் வாங்குவதே புத்திசாலித்தனம்.

அந்தப் பொருட்கள் எவ்வளவு இருக்கின்றன என்று ஓரளவு கணிக்கவும் வழி இருக்கிறது. பொருள் பட்டியலில் 1 சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றை அளவின் இறங்குவரிசையில் எழுத வேண்டும், அதற்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். ஃபீனாக்சிஎத்தனால் என்ற பாதுகாப்புப்பொருளுக்கு ஐரோப்பிய விதிப்படி உச்சவரம்பு 1 சதவீதம். அதற்குப் பின்னால் வரும் எதுவும் 1 சதவீதத்தைத் தாண்டாது. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வரும் மலர்ச்சாறு இந்த எல்லைக்கு அப்பால், நிறச்சாயத்துக்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். சில பொருட்கள் மிகக் குறைந்த அளவிலேயே வேலை செய்யும் என்பதும் உண்மை, ஆனால் கழுவிப்போகும் பொருளில் அந்த வாதமும் நிற்காது.

இனி விலைகூடிய பக்கத்துக்கு நியாயம் செய்ய வேண்டும். அது உண்மையிலேயே முந்தி நிற்கும் இடம் என்று எனக்குத் தோன்றுவது எண்ணெய்க் கிளென்சரும், பாம் (balm) எனப்படும் கெட்டியான தைல வகையும்தான். மேக்கப் கலைஞர் ஷு உவேமுரா 1967-ல் ஜப்பானில் மேக்கப் கலைக்கும் எண்ணெயைக் கொண்டுவந்ததிலிருந்து இந்த வகையில் நிறைய நுணுக்கம் சேர்ந்திருக்கிறது. இதன் வேலை, தண்ணீருக்கு அசையாத சன்ஸ்கிரீனையும் மஸ்காராவையும் கரைப்பது, தண்ணீர் பட்டதும் பால் மாதிரி வெளுத்து, எச்சமில்லாமல் கழன்று போவது. இந்தக் கடைசிப் பகுதி எண்ணெயோடு கலந்திருக்கும் குழம்பாக்கியை, அதாவது எண்ணெயையும் தண்ணீரையும் கலக்கவைக்கும் பொருளை, பொறுத்தது. அந்தத் தேர்விலும் எண்ணெய்களின் சேர்க்கையிலும் கஞ்சத்தனம் காட்டினால் முகத்தில் பிசுபிசுப்புப் படலம் நிற்கும், கண்ணுக்குள் போய்ப் பார்வை மங்கும். பாம் ஜாடிக்குள் வெயிலில் உருகாமல், குளிரில் கல்லாகாமல் இருப்பதும் எளிதில் வருவதல்ல. நடுத்தர விலையிலும் அருமையான எண்ணெய்க் கிளென்சர்கள் வந்துவிட்டன, ஆனாலும் ஆக மலிவானதுக்கும் நல்லதுக்கும் இடையே வித்தியாசத்தைக் கையாலேயே உணரக்கூடிய வகை இதுதான். தினமும் கனமாக சன்ஸ்கிரீனோ மேக்கப்போ போடுகிறவர் என்றால் இங்கே கொஞ்சம் செலவழிப்பதில் தப்பில்லை.

வெளியே தெரியாத இன்னொரு வித்தியாசம் மூலப்பொருளின் தூய்மை. மேலே சொன்ன பீட்டெய்னை எடுத்துக்கொண்டால், அமெரிக்கத் தொடு ஒவ்வாமை சங்கம் 2004-ல் அதை "ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்" என்று அறிவித்தது. ஆனால் பலருக்கு ஒவ்வாமை வருவது பீட்டெய்னால் என்பதைவிட, தயாரிப்பின்போது அதில் தங்கிவிடும் அமிடோஅமீன் போன்ற மாசுகளால். சுத்திகரிப்பு நன்றாக இருந்தால் இந்தப் பிரச்சினை குறையும். நன்றாகச் சுத்திகரித்ததற்கும் அப்படிச் செய்யாததற்கும் லேபிளில் ஒரே பெயர்தான் இருக்கும். முகவரியே தெரியாத தயாரிப்பாளரின் அடிமட்ட விலைச் சரக்கில் நான் தயங்குவது இதனால்தான். பெயர் தெரிந்த மருந்துக்கடை பிராண்டுகளிடம் இந்தத் தயக்கம் எனக்கு இல்லை.

அடிமட்ட விலையில் இன்னும் சில தொந்தரவுகள் உண்டு. தூக்கலான வாசனை, தேவையே இல்லாத நிறம், சில சமயம் மெத்தில்ஐசோதியாசோலினோன் என்ற பாதுகாப்புப்பொருள். இதே சங்கம் 2013-ல் இதற்கும் அந்தப் பட்டத்தைக் கொடுத்தது. பூசிவிட்டு விடும் பொருட்களில் ஐரோப்பிய ஒன்றியம் இதைத் தடையே செய்துவிட்டது, கழுவும் பொருட்களில் 15 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 15 பங்கு) மேல் கூடாது. வாசனையைப் பொறுத்தவரை விலைகூடியவை இன்னும் மோசம் என்றே சொல்வேன். ஆடம்பரம் என்றாலே மணக்க வேண்டும் என்று ஒரு எதிர்பார்ப்பு இருக்கிறது இல்லையா? லிமோனீன், லினலூல், சிட்ரல் என்று பட்டியலின் கடைசியில் வரிசையாக வரும் பெயர்கள் வாசனைத் திரவியத்தின் கூறுகள். கழுவும் பொருளில் 0.01 சதவீதத்தைத் தாண்டினால் இவற்றைப் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. முன்பு 26 பெயர்கள், 2023-ல் அதை 80-க்கும் மேலாக விரித்தார்கள். எளிதில் சிவக்கும் தோலுக்கு, வாசனை சேர்க்காத மலிவுக் கிளென்சர் மணக்கும் ஆடம்பரக் கிளென்சரைவிட பெரும்பாலும் பாதுகாப்பான தேர்வு.

முன்பக்க வாசகங்களுக்கு அதிக நேரம் வேண்டாம். "டெர்மடாலஜிஸ்ட் டெஸ்டட்" என்றால் ஒரு தோல் மருத்துவர் பார்த்தார் என்பதற்கு மேல் பெரிதாக எதுவும் உறுதியில்லை. "ஹைப்போஅலர்ஜெனிக்" கதை வேடிக்கையானது. அந்த வார்த்தையைப் போட வேண்டுமானால் சோதனை செய்து நிரூபிக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1975-ல் விதி கொண்டுவந்தது. ஆல்மே, கிளினிக் (Clinique) என்ற அழகுப்பொருள் நிறுவனங்கள் நீதிமன்றம் போயின, 1977-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. அமெரிக்காவில் இன்றைக்கும் அந்தச் சொல்லுக்கு அதிகாரபூர்வமான அளவுகோல் இல்லை.

பரு இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும், ஆனால் மாறுவது மலிவின் பக்கமாகத்தான். கழுவும் பொருளில் இருந்தாலும் ஓரளவு பலன் தரும் மருந்துகள் இரண்டு, சாலிசிலிக் அமிலமும் பென்சாயில் பெராக்சைடும். சாலிசிலிக் அமிலத்தை எடுத்துக்கொண்டால் அமெரிக்க விதிப்படி பரு மருந்தாக விற்கப்படுவதில் 0.5 முதல் 2 சதவீதம் வரைதான் இருக்கலாம். எவ்வளவு காசு கொட்டினாலும் அதற்கு மேல் கிடைக்காது. 2 சதவீதம் மருந்துக்கடைப் பாட்டிலிலேயே இருக்கிறது. பென்சாயில் பெராக்சைடு கிளென்சரை ஓரிரு நிமிடம் முகத்தில் விட்டுக் கழுவினால் பலன் கூடும். துண்டு, தலையணை உறை எல்லாம் வெளுத்துவிடும், வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விலையை ஒப்பிடும்போது பாட்டில் விலையைப் பார்க்காமல் மில்லிக்கு எவ்வளவு என்று பாருங்கள். ஒரு வேளைக்கு 2 மில்லி, நாளுக்கு இரண்டு வேளை என்றால் 150 மில்லி ட்யூப் ஐந்து வாரத்தில் தீர்ந்துவிடும். 473 மில்லி பம்ப் பாட்டில் நாலு மாதத்தை நெருங்கும். "கொஞ்சம் போட்டாலே போதும், அதனால் உண்மையில் மலிவுதான்" என்று விலைகூடியவற்றுக்கு ஆதரவாகச் சொல்வார்கள். கெட்டியான பாம், க்ரீம் வகைகளுக்கு இது ஓரளவு பொருந்தும். ஜெல்லுக்குப் பொருந்தாது. நுரை நிறைய வருவதும் நன்றாகச் சுத்தம் செய்வதும் வேறுவேறு சமாசாரங்கள்.

இவ்வளவையும் படித்து லேபிள் பார்க்கப் பொறுமை இல்லையென்றால், தோலிடமே கேட்டுவிடலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் (சுடுதண்ணீர் எந்த நல்ல கிளென்சரையும் கெடுத்துவிடும்) கழுவி, ஒற்றித் துடைத்து, எதுவும் பூசாமல் அரைமணி நேரம் விடுங்கள். சிரித்தால் கன்னம் இழுக்கிறதா, மூக்கோரம் சிவந்திருக்கிறதா, மாய்ஸ்சரைசருக்குக் கை தானாகப் போகிறதா? அப்படியென்றால் அது என்ன விலையாக இருந்தாலும் உங்களுக்கு ஆகாது. ஒன்றும் தெரியவில்லை, முகம் இருப்பதே மறந்துபோகிறது என்றால் அதுதான் உங்களுக்கான கிளென்சர். இரண்டு கிளென்சர்களை ஒப்பிடுவதானால் ஒவ்வொன்றையும் மூன்று நாலு வாரம் தனித்தனியாகப் பயன்படுத்துங்கள், அந்தச் சமயத்தில் புது சீரம், புது க்ரீம் எதையும் தொடங்காதீர்கள். இல்லாவிட்டால் எது எதைச் செய்தது என்று கடவுளுக்கே தெரியாது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கையில் இருக்கும் பாட்டில் தோலுக்கு ஒத்துப்போகிறது என்றால் அதை முடித்துவிடுங்கள், தூக்கி எறிய ஒரு காரணமும் இல்லை. அதன் மணமும் வழவழப்பும் உங்களுக்கு நாளின் நல்ல ஐந்து நிமிடம் என்றால், அதற்குக் காசு கொடுப்பது உங்கள் உரிமை. தோலுக்காகக் கொடுக்கிறேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த பாட்டிலுக்கு வாசனையில்லாத, ஐசெதியோனேட் அல்லது பீட்டெய்ன், கிளிசரின் கொண்ட ஒரு சாதாரணக் கிளென்சரை வாங்கி அந்த அரைமணி நேரச் சோதனையைச் செய்து பாருங்கள். தோல் வறண்டது என்றால் காலையில் வெறும் தண்ணீரே போதும், பாட்டில் இரண்டு மடங்கு நாள் வரும். மிச்சமாகும் பணத்தை சன்ஸ்கிரீனில் போடுங்கள், அது நாள் முழுக்க முகத்தில் இருக்கப்போகிறது. எதைப் போட்டாலும், வெறும் தண்ணீர் பட்டாலும்கூட எரிகிறது என்றால் கிளென்சர் மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. ரோசேஷியாவோ (முகம் சிவக்கும் தோல் நோய்) எக்சிமாவோ இருக்கலாம், ஒரு தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.